கிணற்றிலும் கழனியிலும்

சென்ற பொங்கலுக்கு உத்திரமேரூருக்கு வந்திருந்த என் பேத்தி, சென்னையில் எட்டு மாதமாகத் தான் கற்றுவரும் ஸ்பானிய மொழியைப் பற்றி என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தவள், தன் நாவில் படிந்துவிட்ட ஒரு பிழையைக் குறித்து, உற்றவரிடம் வாங்கிய கடனைத் திருப்பித் தர இயலாமற்போனவர்கள் பேசும் குரலில் பேசத் தொடங்கினாள். ‘இருத்தல்’ என்னும் பொருளுக்கு அந்த மொழியில் ‘ஸெர்’ என்றும் ‘எஸ்தார்’ என்றும் இரண்டு வினைகள் உண்டாம். முன்னது ஒருவருடைய ஸ்வபாவத்தையும் பின்னது அவர் அந்த வேளையில் இருக்கும் நிலையையும் உணர்த்துமாம். ‘எனக்குச் சலிப்பாக இருக்கிறது’ என்று சொல்ல வந்தவள் பின்னதை விட்டு முன்னதைப் பிரயோகித்துவிட்டால், ‘நான் பிறருக்குச் சலிப்பூட்டும் இயல்பினள்’ என்று தன்னைப் பற்றித் தானே சாட்சி சொன்னதாகிவிடுமாம். இதைத்தான் அவள் வகுப்பில் வாரந்தோறும் செய்துவருகிறாள். “தப்புன்னு தெரியுது தாத்தா. எழுதச் சொன்னா சரியா எழுதிடுறேன். பேசும்போது மட்டும் நாக்கு பழைய எடத்துக்கே போயிடுது,” என்றாள்.

அறியாமற் செய்த பிழைக்கும் பழகிப்போன பிழைக்கும் உள்ள வேற்றுமையை இதைக் காட்டிலும் தெளிவாக எந்த நூலிலும் நான் படித்ததில்லை. அறியாமையால் நேர்ந்த பிழை, சொல்லிக்கொடுத்தால் நீங்கிவிடும். பழக்கமாகிவிட்ட பிழையோ, அறிவு ஒருபுறம் நின்று பார்த்துக்கொண்டிருக்கையிலேயே தன் காரியத்தைச் செய்துவிட்டுப் போகும். அவளுக்கு ஆறுதல் சொல்ல வாயெடுத்த நான் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன். அப்படிப்பட்ட பழக்கம் ஒன்று எனக்கும் இருந்தது. அது அயல்மொழியில் அன்று, தாய்மொழியில். வகுப்பறையில் அன்று, முத்திரைத்தாளில். அதனால் விளைந்த துன்பத்தை அனுபவித்தவனும் நான் அல்லேன். பத்திரம் எழுதப் படிக்கத் தெரியாத, என்னை நம்பி வந்த ஒரு குடியானவருடைய இளைய மகன்.

நான் 1974 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இவ்வூரில் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, விடுதலை, உயில் என்று சுற்றுவட்டாரக் கிராமங்களின் நிலமும் வீடும் கை மாறிய ஆவணங்களில் ஆயிரக்கணக்கானவை என் கையெழுத்தில் இருக்கின்றன. இந்தத் தொழிலுக்கென்று ஒரு பாஷை உண்டு. சுவாதீனம், பாத்தியதை, செக்குபந்தி, மேற்படி, நாளது தேதி என்று வடமொழியும் பாரசீகமும் தமிழும் கலந்து நூற்றாண்டுகளாகப் புழங்கிவந்த அந்தப் பாஷையின்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் வழக்குமன்றங்களில் அடிபட்டு அடிபட்டு நிலைபெற்ற ஒரு பொருள் இருக்கிறது. குறை, அந்தப் பழைய பாஷையை ‘நல்ல தமிழ்’ ஆக்குகிறேன் என்று எண்ணிக்கொண்டு, அரசாங்கக் கடிதங்களிலும் செய்தித்தாள்களிலும் கண்ட மொழிபெயர்ப்புத் தமிழை நான் அதற்குள் கொண்டுவந்து சேர்த்ததில் இருக்கிறது. ‘முயன்றார்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘முயற்சித்தார்’ என்று எழுதினேன். கிணற்றுக்கு ‘அருகில்’ என்று எழுதாமல், எதிர்மறையாகப் பொருள்படத்தக்க ‘அருகாமையில்’ என்ற சொல்லை, கம்பீரமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, எல்லை விவரம் சொல்லும் எத்தனையோ செக்குபந்திகளில் புகுத்தினேன். தென்னை மரங்கள் ‘உள்ளன’ என்பதை ‘உள்ளது’ என்று எழுதி, பன்மைக்கு உரிய முடிவைப் பறித்தேன். ‘சுவரில்’ என்பது என் பேனாவில் ‘சுவற்றில்’ ஆயிற்று. யாரும் கேட்கவில்லை, அந்த மௌனமே அங்கீகாரம் என்று நினைத்துக்கொண்டேன்.

இவையெல்லாம் சிறியவை. ‘மற்றும்’ என்ற சொல்லை நான் கையாண்ட விதம் அப்படிப்பட்டதன்று.

1991-ம் ஆண்டு, அறுவடை முடிந்த ஒரு நாளில், பக்கத்துக் கிராமத்துப் பெரியவர் ஒருவர் தம் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு என் திண்ணைக்கு வந்தார். ஒரு ஏக்கர் முப்பது சென்ட் கழனி, அதில் ஒரு கிணறு, கிணற்றில் மின்மோட்டார். கண் தெளிவாக இருக்கும்போதே பிரித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய விருப்பம். “ஐயா, கெணத்துலயும் சரிபாதி, கழனியிலயும் சரிபாதி. ரெண்டு பேருக்கும் வித்தியாசம் இல்லாம எழுதிடுங்க,” என்றார். நான் எழுதினேன். மூத்தவருடைய பாகத்தை ‘கிணறு மற்றும் கழனியில் சரிபாதி’ என்றும், இளையவருடைய பாகத்தை ‘மேற்படி சொத்துகளில் மீதி’ என்றும் எழுதினேன். எழுதியதை உரக்க வாசித்துக் காட்டினேன், பெரியவர் தலையசைத்தார், பெரியவரும் பிள்ளைகள் இருவரும் கையெழுத்தும் கைந்நாட்டும் இட்டார்கள், பத்திரம் பதிவாயிற்று.

பெரியவர் இரண்டாண்டு கழித்துக் காலமானார். அதற்கு அடுத்த நவரைப் பட்டத்தில், ஏரியில் தண்ணீர் வற்றி, பயிர் முழுவதும் கிணற்றையே நம்பியிருந்த சமயத்தில், மூத்தவர் மோட்டார் கொட்டகையைப் பூட்டிச் சாவியைத் தம்மிடம் வைத்துக்கொண்டார். கேட்டதற்குப் பத்திரத்தைக் காட்டினார். கிணறு முழுவதும் தமக்கு, கழனியில் மட்டும் பாதி. தம்பிக்குக் கிடைத்தது மீதி, அதாவது கழனியின் மற்றப் பாதி மட்டுமே என்பது அவருடைய வாதம். அந்த வாசகத்தை அப்படியும் படிக்கலாம் என்பதை என்னால் மறுக்க முடியவில்லை. இளையவருடைய பயிர் கதிர் வாங்கும் பருவத்தில் கருகியது. அதை நான் நேரில் போய்ப் பார்த்தேன். வரப்பின்மேல் நின்றுகொண்டு, என் கையெழுத்தைத் தாங்கிய தாளுக்கும் காலடியில் சருகாய்க் கிடந்த நெற்பயிருக்கும் உள்ள சம்பந்தத்தை நினைத்தபோது, இலக்கணம் என்பது பண்டிதர்களின் விவகாரம் என்று அதுவரையில் நான் கொண்டிருந்த அபிப்பிராயம் அங்கேயே அழிந்தது.

‘மற்றும்’ தமிழ்ச் சொல்தான், பழைய சொல்தான். ஆனால் ‘மேலும்’, ‘பின்னும்’ என்ற பொருளில் வாக்கியத்துக்குள் தனியே நிற்பது அதன் இயல்பு. இரண்டு பெயர்களுக்கு நடுவில் நின்று அவற்றைத் தைத்துக் கொடுக்கும் ஊசி வேலை அதற்கு உரியதன்று. அந்த வேலைக்குத் தமிழில் ‘உம்’ இருக்கிறது. அது ஒவ்வொரு பெயரின் இறுதியிலும் தனித்தனியே வந்து நிற்கும். நிற்கும்போது அந்தந்தப் பெயருக்கு உரிய வேற்றுமை உருபையும் முன்னால் நிறுத்திக்கொண்டே நிற்கும். ‘கிணற்றிலும் கழனியிலும் சரிபாதி’ என்று எழுதினால், பாதியாவது இரண்டும் என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை. ‘கிணறும், கழனியில் சரிபாதியும்’ என்று எழுதினால், கிணறு முழுமையாகவும் கழனி பாதியாகவும் போகின்றன என்பதிலும் ஐயம் இல்லை. ஆங்கில வாக்கியத்தைப் பார்த்து நடுவில் ‘மற்றும்’ போட்டு எழுதும்போதோ, முதற்பெயர் உருபை இழந்து மொட்டையாய் நிற்கிறது. இறுதிப் பெயரோடு ஒட்டிய ‘இல்’ தனக்கு மட்டும் உரியதா, முன்னதற்கும் உரியதா என்பதை வாக்கியம் சொல்வதில்லை. சொல்லாத இடத்தில் ஆசை புகுந்து தனக்கு வேண்டியதைச் சொல்லிக்கொள்கிறது. மூத்தவரைக் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கதவைத் திறந்து வைத்தவன் நான்.

இதில் என்னை இன்றளவும் உறுத்துவது வேறொன்று. எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெரியவர் சரியான இலக்கணத்தில் பேசினார். “கெணத்துலயும்”, “கழனியிலயும்” என்று இரண்டு இடத்திலும் உருபையும் உம்மையையும் பிசகாமல் வைத்தார். ‘கிணற்றில்’ என்பது ‘கெணத்துல’ ஆனது ஒலியின் தேய்வு, எலும்பு உடையவில்லை. இந்தப் பக்கத்துப் பேச்சைக் கொச்சை என்று இகழ்வோர் உண்டு. ‘சொல்லிக்கொண்டு’ என்பதைச் ‘சொல்லிகினு’ என்போம். ‘உட்கார்’ என்பதைக் ‘குந்து’ என்போம். ஆனால் பழந்தமிழ்ப் பாட்டுகளில் வழங்கிய ‘கழனி’ என்ற சொல்லைத் தினந்தோறும் காலையில் ‘கழனிக்குப் போறேன்’ என்று வாயாரச் சொல்லிக்கொண்டிருப்பவர்களும் இதே ஜனங்கள்தாம். அவருடைய வாய்மொழியை அப்படியே எழுதியிருந்தால் அந்தப் பயிர் பிழைத்திருக்கும். அதை ‘உயர்த்தி’ எழுத வேண்டும் என்ற என் பழக்கந்தான் அதைக் கெடுத்தது. கெட்ட இலக்கணம் கழனியிலிருந்து வருவதாகச் சொல்லுகிறார்கள். என் அனுபவத்தில் அது மேசையிலிருந்து வந்தது.

வைகுண்டப் பெருமாள் கோயில் என் திண்ணையிலிருந்து நடந்து போகும் தூரம். அதன் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளைக் காணப் பல தேசத்தாரும் வருகிறார்கள். முதலாம் பராந்தக சோழனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டிலும் பதினான்காம் ஆட்சியாண்டிலும், அதாவது 919-லும் 921-லும், உத்தரமேருச் சதுர்வேதிமங்கலத்துச் சபையார் செய்த வியவஸ்தைகள் அவை. ஊரை முப்பது குடும்புகளாக வகுத்து, ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உடையவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஏதும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து, சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் என்று அமர்த்திய செய்தியை இன்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். (அந்த ‘வாரியம்’ என்ற சொல் இன்று மின்சார வாரியத்தின் பெயரிலும் குடிநீர் வாரியத்தின் பெயரிலும் வழங்குவதை நினைக்கும்போது, இழந்த சொல்லை மீட்பதும் முடியாத காரியம் அன்று என்று தோன்றுகிறது.) நானும் இளமை முதல் அந்தச் சுவரைப் பார்த்து வளர்ந்தவன். ஆனால் கருகிய பயிரைக் கண்டு திரும்பிய பிறகுதான் அதை ஓர் எழுத்துக்காரனின் கண்ணோடு படித்தேன்.

வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனை மட்டும் அன்றி, அவனுடைய உறவினர்களையும் குடவோலையில் எழுதக் கூடாது என்று விலக்கும் பகுதி ஒன்று அதில் வருகிறது. தாயின் தமக்கை தங்கையரின் மக்கள், அத்தை மாமன் மக்கள், தாயோடு பிறந்தவன், தகப்பனோடு பிறந்தவன் என்று உறவுகளை வரிசையாக அடுக்கும் அந்த இடத்தில், ஒவ்வொரு பெயரின் இறுதியிலும் ‘ஐ’ என்னும் உருபும் ‘உம்’ என்னும் இடைச்சொல்லும் தவறாமல் வந்து நிற்கின்றன. கல்லில் ஓர் எழுத்தை வெட்டுவது எவ்வளவு உழைப்பு! சுருக்க நினைத்திருந்தால் எல்லாப் பெயர்களையும் அடுக்கிவிட்டு இறுதியில் ஒரே ஒரு ‘ஐயும்’ போட்டு முடித்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை, யாரும் இடையில் நழுவிவிடக் கூடாது என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அவர்கள் எழுத்திலும் நம் கணக்கில் பிழையாகக் கொள்ளத்தக்கவை இருக்கின்றன. மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் கல்வெட்டுகளில் அரிது. குறில் எகரமும் நெடில் ஏகாரமும் ஒரே வடிவில் நிற்கும். ‘உடன்பிறந்தான்’ என்பது பேச்சில் வருவதுபோல ‘உடப்பிறந்தான்’ என்று வெட்டப்பட்டிருக்கிறது. வடசொற்கள் கிரந்த எழுத்தில் தாராளமாக வருகின்றன. ஆனாலும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின் அதைப் படிக்கும் எவருக்கும், யார் விலக்கப்பட்டார் என்பதில் சந்தேகம் எழுவதில்லை.

ஓலையைப் படித்தவிதமும் அந்தக் கல்லில் இருக்கிறது. குடத்திலிருந்து எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்கி, உரக்க வாசிக்க வேண்டும். அவன் வாசித்த பின் அங்கிருந்த நம்பிமார் அனைவரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். நானும் வாசித்துக் காட்டினேன். ‘வாசிக்கக் கேட்டுச் சரியென ஒப்புக்கொண்டு’ என்ற வாசகத்தைப் பத்திரத்தின் அடியில் எழுதவும் செய்தேன். ஆனால் பெரியவருக்குப் புரியாத பாஷையில் வாசித்தேன். அவர் மரியாதையின் பொருட்டுத் தலையசைத்தார். அதை ஒப்புதல் என்று நான் பதிந்தது பொய். இப்படிச் சொல்வதற்கு எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

நம் இலக்கண ஆசிரியர்கள் பிழையைக் கண்டு சினந்தவர்கள் அல்லர். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்ற ஏழிலும் வழு நேரும் என்று வகுத்தவர்கள், உடனே வழுவமைதி என்ற ஒன்றையும் வகுத்தார்கள். தன் பசு ஓடி வருவதைக் கண்டு ‘என் அம்மை வந்தாள்’ என்று ஒருவன் சொன்னால், அஃறிணையை உயர்திணையாகச் சொன்னது வழுதான். ஆயினும் உவப்பின் காரணமாகச் சொன்னதால் அது அமைந்தது. இன்னும் உண்டு முடிக்காதவன், வாசலில் நின்று அழைக்கும் தோழனுக்கு ‘இதோ வந்துவிட்டேன்’ என்று இறந்த காலத்தில் சொன்னால், விரைவு காரணமாக அதுவும் அமைந்தது. மகிழ்ச்சி, சிறப்பு, சினம், இழிவு, விரைவு என்று மனித ஹிருதயத்தில் எத்தனை வேகங்கள் உண்டோ அத்தனைக்கும் இலக்கணத்தில் இடம் விட்டிருக்கிறார்கள். வழுவமைதி என்ற இந்த ஏற்பாட்டைப் போல் கருணையுள்ள ஒன்றை வேறு சாஸ்திரத்தில் நான் கண்டதில்லை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: காரணம் வேண்டும். என்னுடைய ‘மற்றும்’ எந்தக் காரணத்தால் வந்தது? உவப்பால் அன்று, விரைவாலும் அன்று, ஏனெனில் ‘உம்’ அதைவிடச் சிறியது. பிறர் எழுதினார்கள், நானும் எழுதினேன் என்பதற்கு மேல் அதற்கு ஒரு காரணமும் இல்லை. வழுவமைதியின் எந்த விதியிலும் எனக்குப் புகலிடம் கிடைக்கவில்லை.

இங்கிருந்து காஞ்சிபுரம் போகும் வழியில் பேருந்தில் இருக்கும்போதெல்லாம் குமரகோட்டத்துக் கர்ணபரம்பரைச் செய்தி ஒன்று நினைவுக்கு வரும். கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை அங்கே அரங்கேற்றத் தொடங்கியபோது, காப்புச் செய்யுளின் தொடக்கத்திலேயே, ‘திகழ்’ என்பதும் ‘தசக்கரம்’ என்பதும் புணர்ந்து ழகரமும் தகரமும் மறைந்து டகரம் தோன்றியதற்கு விதி எங்கே என்று அவையோர் தடுத்தார்களாம். அந்தத் தொடக்கத்தை எடுத்துக் கொடுத்தவன் முருகனே என்று சிவாசாரியார் சொல்லியும் அவர்கள் விடவில்லை. மறுநாள் சோழ நாட்டிலிருந்து வந்த ஒரு புலவர், புத்தமித்திரனாரின் வீரசோழியத்தைக் கொண்டுவந்து விதியை எடுத்துக்காட்டிய பிறகே அரங்கேற்றம் மேலே நடந்ததாம். தெய்வம் கொடுத்த சொல்லுக்கும் விதி கேட்ட அந்த அவையைப் பிடிவாதம் உடையதென்று சிறுவயதில் எண்ணியிருக்கிறேன். இப்போது அப்படி எண்ணுவதில்லை. என்னைத் தடுத்து ‘விதி எங்கே?’ என்று கேட்க அப்படி ஒருவர் அன்று திண்ணையில் இருந்திருக்கக் கூடாதா!

பிழையை ஒப்புக்கொள்வதற்கு எனக்கு முன்மாதிரியாய் இருந்தவர் ஒரு தமிழர் அல்லர். இன்று ஸ்பெயினின் பகுதியாயுள்ள நவாராவில் பிறந்து, 1542-ல் நம் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார். தமிழ் அறியாத அவர், இரு மொழியும் அறிந்த சிலருடைய உதவியால் ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கடற்கரைக் கிராமங்களில் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ‘நம்புகிறேன்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் விழுந்துவிட்டது. பாமரரும் குழந்தைகளும் அதையே ஓதிக்கொண்டிருந்தார்கள். அது விருப்பத்தைக் குறிக்கும் சொல்லே அன்றி விசுவாசத்தைக் குறிக்கும் சொல் அன்று என்று தெரிந்தவுடன், தம்மோடு ஊழியம் செய்த மான்சிலாஸ் என்பவருக்குக் கடிதம் எழுதி, இனி ‘வேணும்’ என்பதை விட்டு, விசுவாசம் என்ற பொருள் தரும் சொல்லையே சொல்லிக்கொடுக்கும்படி கேட்டுக்கொண்டார். அவருடைய சமயத்தைப் பற்றியோ அவர் கையாண்ட முறைகளைப் பற்றியோ யார் என்ன அபிப்பிராயம் கொண்டாலும், இந்த ஒரு செய்கை என்னை வணங்கச் செய்கிறது. தம் வாயால் ஊர் ஊராகப் பரப்பிய பிழையை அவர் மறைக்கவில்லை. தாமே முன்வந்து அதைத் திருத்த ஏற்பாடு செய்தார்.

இதைப் பேத்தியிடம் சொன்னபோது அவள் வேறொன்று சொன்னாள். லத்தீன் பேச்சில் மக்கள் செய்த பிழைகளைத் திருத்துவதற்காகப் பழைய ஆசிரியர் ஒருவர் ‘இது சரி, அது அன்று’ என்று 227 வரிகளில் எழுதிய ஒரு பட்டியல் இருக்கிறதாம். கண்ணை ‘ஓகுலுஸ்’ என்று சொல், ‘ஓக்லுஸ்’ என்னாதே. காதை ‘ஔரிஸ்’ என்று சொல், ‘ஓரிக்லா’ என்னாதே என்று அவர் கண்டித்தாராம். கண்டித்த வடிவங்களே வென்று, கண்ணுக்கு ‘ஓஹோ’ என்றும் காதுக்கு ‘ஓரேஹா’ என்றும் இன்றைய ஸ்பானியச் சொற்களாய் நிற்கின்றனவாம். “அப்போ தப்பெல்லாம் ஒரு நாளைக்குச் சரியாயிடும், இல்ல தாத்தா?” என்று அவள் கேட்டாள்.

மெய்தான். உத்தரமேரு என்று கல்லில் உள்ள ஊர்ப்பெயரை நாங்கள் உத்திரமேரூர் என்கிறோம். பேருந்தின் பெயர்ப்பலகையும் அப்படியே சொல்லுகிறது. நான் எழுதிய எல்லாப் பத்திரங்களிலும் வட்டத்தின் பெயர் அப்படியே இருக்கிறது. வடதிசையைக் குறித்த சொல் தன் பொருளை இழந்ததே என்று ஒருவரும் வருந்துவதில்லை. வருந்த வேண்டியதும் இல்லை. இத்தகையவற்றுக்கு ‘மரூஉ’ என்று பெயரிட்டு, இயல்பு வழக்கில் ஒன்றாகவே சேர்த்துக்கொண்டார்கள் நம் முன்னோர். ஆனால் மரூஉ என்பது ஆயிரம் வாய்களில் தேய்ந்து உருண்ட கூழாங்கல். பேசுகிறவனும் கேட்கிறவனும் ஒரே பொருளை அறிந்து புழங்கியதால் அது உருண்டது. ‘கிணறு மற்றும் கழனி’ என்று இவ்வட்டாரத்தில் ஒரு வாயும் சொன்னதில்லை. அது நாவில் பிறந்ததன்று. தாளில் பிறந்து, தாளிலேயே பெருகி, ஜனங்களின் தலைமேல் இறக்கப்படுவது. ஓக்லுஸுக்குக் கிடைத்த மன்னிப்பை என் பிழைக்குக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று அவளிடம் சொன்னேன். அவளுடைய பிழைக்கும் இப்போதைக்கு இல்லை என்றும் சொன்னேன். தவறென்று தெரிந்த பிறகு வருகிற அந்த வருத்தத்தை உதறிவிடாதே, நாக்கு பழைய இடத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் நிறுத்தித் திருப்பிச் சொல் என்றேன்.

1998-ல் அந்தச் சகோதரர்களின் கிணற்றுத் தகராறு முடிவுக்கு வந்தது. மன்றத்தால் அன்று, தாயால். மூத்தவருடைய மகளின் நிச்சயதார்த்தத்துக்கு உறவினர் கூடியிருந்த இடத்தில், நானும் அழைக்கப்பட்டிருந்தேன். நான் எழுந்து, பத்திரத்தில் உள்ள வாசகம் பெரியவர் சொன்னது அன்று, நான் பிழையாக எழுதியது என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். கிழவி தம் மூத்த மகனைப் பார்த்து, “உங்கப்பன் சொன்னப்போ நான் பக்கத்துலதான்டா குந்திகினு இருந்தேன். கெணத்துலயும் பாதி, கழனியிலயும் பாதின்னுதான் சொன்னாரு. உனக்கும் தெரியும்,” என்றார். மூத்தவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “எழுதிக்குடுங்க ஐயா, கையெழுத்துப் போடறேன்,” என்றார்.

பிழைதிருத்தல் பத்திரத்தைக் கூலி வாங்காமல் எழுதினேன். ‘கிணற்றிலும் கழனியிலும் சரிபாதி’ என்று இருவருடைய பாகத்துக்கும் தனித்தனியே எழுதி, எழுதியதை அவர்கள் பேசும் பேச்சிலேயே சொல்லிக் காட்டி, அவர்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்து வாங்கினேன். அன்று முதல் என் திண்ணையில் எந்தப் பத்திரத்துக்கும் அதுவே வழக்கமாயிற்று. இன்று கணினியில் ஏற்றி வைத்த மாதிரி வாசகங்களில் பெயரையும் எண்ணையும் மட்டும் மாற்றிப் பத்திரம் தயாரிக்கிறார்கள். அந்த மாதிரிகளில் வரிக்கு வரி ‘மற்றும்’ நிற்கிறது. பிறருக்காக எழுதும் தொழிலில் இருக்கும் இளைஞர்களை நான் கேட்டுக்கொள்வது, எந்த இடத்தில் அந்தச் சொல்லைக் கண்டாலும் அதை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் அதனதன் உருபையும் உம்மையையும் கொடுத்து ஒருமுறை எழுதிப் பாருங்கள் என்பதுதான்.

வைகுண்டப் பெருமாள் கோயிலின் இரண்டு கல்வெட்டுகளில் பின்னது, முன்னதைத் திருத்த எழுந்தது. 919-ல் முப்பது வயதுக்கு மேல் அறுபதுக்கு உட்பட்டவர் என்று வைத்த வரம்பை, 921-ல் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்கு உட்பட்டவர் என்று மாற்றினார்கள். வேறு நிபந்தனைகளையும் விரித்து எழுதினார்கள். திருத்தியவர்கள் முன்னதைச் செதுக்கி அழிக்கவில்லை. இரண்டும் ஒரே கோயிற் சுவரில் இருக்கின்றன. பதிவேட்டிலும் அப்படித்தான். 1991-ன் பத்திரமும் 1998-ன் பத்திரமும் என் பெயரோடு இருக்கின்றன. அந்தக் கழனிக்கு வில்லங்கச் சான்று எடுப்பவர் எவரும் இரண்டையும் காண்பார்.